துளசியின் சுடுதண்ணீர் பிளாஸ்க்

கம்போங் ராஜா என்ற மலையூருக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் கல்யாணம் என்றால், பெண்ணுக்கு மேக்கப் போடத் துளசியைத்தான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வயது. கைப்பேசியில் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டவள். இதை முறையாகப் படிக்கலாம் என்று நினைத்த நாளில்தான் அவளுக்குத் தலை சுற்ற ஆரம்பித்தது.

ஈப்போவில் ஒரு கல்லூரி, கோலாலம்பூரில் இரண்டு. ஒவ்வொன்றிலும் முடி, தோல், நகம், மணப்பெண் அலங்காரம் என்று தனித்தனிப் படிப்பு. எல்லாம் ஒரே வேலை என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். யாரைக் கேட்பது? அண்ணி ரூபினி, "முடிய எடு லா. அது வளந்துகிட்டேதான இருக்கும், வேலைக்குப் பஞ்சமில்ல" என்றாள். தேயிலைத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி நாகப்பன், "நகத்துக்கெல்லாமா படிப்பு?" என்று சிரித்தார். அதோடு நகம் ஒழிந்தது. மற்ற மூன்றும் அப்படியே கிடந்தன. வெள்ளிக்கிழமைக்குள் ஈப்போ கல்லூரியின் விண்ணப்பப் பாரத்தில் ஒரு கட்டத்தில் டிக் போட்டாக வேண்டும். தப்பான கட்டத்தில் போட்டால் ஆயுசுக்கும் அதிலேயே மாட்டிக்கொள்வோம் என்று பயந்தாள்.

ஈப்போ கல்லூரி, சேர நினைப்பவர்களை ஒருநாள் வந்து பார்க்கச் சொன்னது. மேக்கப் போட்டுக் காட்ட ஓர் ஆளையும் கூட்டிவர வேண்டுமாம். வேலை நாள் என்பதால் தோழிகள் கைவிரித்தார்கள். கடைசியில் அம்மா திலகம் கொழுந்து பறிக்கும் வேலைக்கு லீவு போட்டாள். அப்பா இறந்து ஆறு வருஷமாக அவள் முகத்தில் பவுடர்கூடப் பட்டதில்லை.

"எனக்கு எதுக்குடி இதெல்லாம்? பாக்குறவங்க என்ன சொல்லுவாங்க?"

"ஈப்போல உன்ன யாரும்மா பாக்கப் போறா?"

கண்ணாடி முன்னால் அம்மாவை உட்காரவைத்ததும் துளசி பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள். மலையில் விடிகாலைக் குளிருக்குக் கிரீம் கல்லாக இறுகிக் கிடக்கும். டப்பாவைச் சுடுதண்ணீரில் ஐந்து நிமிஷம் வைத்தால்தான் பூச வரும். எத்தனையோ கல்யாணத்தில் செய்தது, கை தானாகச் செய்துவிட்டது. ஈப்போ வெயில் அவள் புத்தியில் ஏறவே இல்லை.

கிரீம் எண்ணெயாக உருகித் திலகத்தின் நெற்றியிலிருந்து கழுத்துவரை வழிந்தது. அதன்மேல் பவுடரைத் தூவியதும் முகம் பிசைந்த மாவு மாதிரி ஆனது. பக்கத்து மேசைப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பயிற்சி ஆசிரியை உமாதேவி கிட்டே வந்து, "சுடுதண்ணி எதுக்கும்மா?" என்றார். துளசிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இதுவே வராதென்றால் தனக்கு வேறு என்னதான் வரும்?

"மேல குளிரு டீச்சர்," என்று முணுமுணுத்துவிட்டு, பஞ்சை அந்தச் சுடுதண்ணீரிலேயே நனைத்துப் பிழிந்து அவசர அவசரமாகத் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் கை மெதுவானது. வெயிலுக்குத் தலைத்துணி கட்டும் கோட்டுக்கு மேலே அம்மா ஒரு நிறம், கீழே வேறு நிறம். கன்னமெல்லாம் கருந்திட்டு. மூக்கோரம் காற்றில் வெடித்த தோல். தினமும் பார்க்கிற முகம்தான், இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் பூசிவிட்டவளுக்கு வெட்கமாக இருந்தது.

"எரியுதாம்மா?"

"இல்ல." திலகம் கண்ணை மூடியிருந்தாள். "இன்னும் கொஞ்சம் தொடைடி. என் மூஞ்சிய யாராச்சும் தொட்டு ஆறு வருஷமாச்சு."

துளசி வேறு பஞ்சை எடுத்தாள். உமாதேவி அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

திரும்பி மலையேறும் பஸ்ஸில், பாரத்தை மடியில் வைத்துத் தோல் என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அதைப் படித்தால் எங்கே வேலை, யார் கூப்பிடுவார்கள், தோட்டத்துக்குத் திரும்பி வர முடியுமா, ஒன்றுமே அவளுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் அம்மா ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துத் தன் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.