சொன்னதையே திருப்பிச் சொன்ன கருவி

என் வேலையை யாருக்கு விளக்கினாலும் பாதியிலேயே கொட்டாவி விடுகிறார்கள். பெரிய கட்டடங்களின் அடித்தளத்தில் தண்ணீர் பம்ப்பை இயக்கும் கருவி இருக்கும். என் லேப்டாப்பிலிருந்து ஒரு கேபிளை அதில் செருகி, ஒரு வரிக் கட்டளை தட்டுவேன். அது ஒரு வரி பதில் சொல்லும். அவ்வளவுதான் வேலை. சில நாட்களில் அந்தக் கருவியைத் தவிர வேறு யாரோடும் நான் பேசியிருக்கவே மாட்டேன்.

அந்தச் சமயம் பாசிர் ரிஸ் வாடகை அறையை விட்டுவிட்டு, குவீன்ஸ்டவுனில் ஒரு முழு வீடு எடுத்திருந்தேன். மனைவி தஞ்சாவூர்ப் பக்கம் பள்ளி ஆசிரியை. நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கடல் கடந்து இங்கே வந்துவிடுவாள் என்று நம்பி எடுத்த வீடு. தேக்கா கடைத்தெருவில் பெரிய குக்கர் வாங்கினேன். கத்தரிப்பூ நிறத்தில் திரைச்சீலை வாங்கி மாட்டினேன். ஆனால் வேலை முடிந்து உள்ளே நுழைந்து சாவியை மேசையில் வைத்தால், அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். பயமாகக்கூட இருக்கும்.

தினமும் போனில் பேசுவோம்.

"ஹால்ல பெரிய ஜன்னல் இருக்கு" என்பேன்.

"பெரிய ஜன்னலா?" என்பாள்.

"எம்ஆர்டி ரயில் ஸ்டேஷன் பக்கத்துலயே."

"பக்கத்துலயேவா? பரவாயில்லையே."

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியாது. மனத்தளவில் பெட்டி கட்டிவிட்டாள் என்றே நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. புதிதாக மாட்டிய கருவி வாயே திறக்கவில்லை. காலையிலிருந்து அனுப்பிய கட்டளையெல்லாம் கிணற்றில் போட்ட கல். திட்டிக்கொண்டே கம்பிகளைக் கழற்றி மறுபடி முடுக்கினேன். உடனே, நான் தட்டிய வரி அப்படியே திரையில் திரும்பி வந்தது. சில கருவிகள் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்லும். எனக்கு உயிர் வந்தது.

காவல்கார அண்ணன் படியிறங்கி வந்தார். "ஆச்சா தம்பி? மேல டாய்லட்டுல தண்ணி இல்லைன்னு சத்தம் போடுறாங்க லா."

"பேசிடுச்சுண்ணே" என்றேன், பெருமையாக.

அவர் போனதும் அடுத்த கட்டளை அனுப்பினேன். அதுவும் திரும்பி வந்தது, பதில் மட்டும் வரவில்லை. எரிச்சலில் 'சாப்டியா' என்று தட்டினேன். கருவிக்குப் புரியாத வார்த்தை, பிழை என்று சொல்லியிருக்க வேண்டும். 'சாப்டியா' என்றே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், நான் முடுக்கியபோது பிரிந்த ஒரு மெல்லிய இழை, அனுப்பும் முனையையும் வாங்கும் முனையையும் சேர்த்துத் தொட்டுக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரம் நான் என்னோடுதான் பேசியிருக்கிறேன். யாரும் இல்லாத அறையிலும் அசடு வழிந்தது. இழையை வெட்டிவிட்டு, கருவியின் மாடல் எண்ணைக் கேட்டேன். நான் தட்டாத ஓர் எண் வந்தது; இந்த முறை பேசியது கருவியேதான். பம்ப் ஓடத் தொடங்கியது.

வேலை முடிந்தும் எழ மனமில்லை. பெரிய ஜன்னல், பெரிய ஜன்னலா. பக்கத்திலேயே, பக்கத்திலேயேவா. இதில் அவள் சொன்னது எது?

மேலே வந்து மனைவியைப் போனில் கூப்பிட்டேன். அவளுக்கு மதிய இடைவேளை.

"உனக்கு இங்க வரணும்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். வழக்கமாக இந்த இடத்தில் திரைச்சீலையைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். அந்தப் பக்கம் பிள்ளைகள் கத்தும் சத்தம் மட்டும் கேட்டது.

"இல்லைங்க" என்றாள். "எனக்கு என் வேலை வேணும். நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

கோபம் வந்தது. அது கோபம்கூட இல்லை, அந்த வீட்டுக்குத் தனியாகத் திரும்ப வேண்டுமே என்ற பயம். "சரி" என்றேன். அந்தப் பக்கம் பள்ளி மணி அடித்தது. வகுப்புக்குப் போக வேண்டும் என்றாள். ஆனால் அவசரத்தில் போனை அணைக்க மறந்துவிட்டாள். நானும் அணைக்கவில்லை. பெஞ்சுகள் நகர்ந்தன. "வணக்கம் டீச்சர்!" என்று பிள்ளைகள் இழுத்தார்கள்.

"உக்காருங்க, உக்காருங்க! நேத்து எங்கடா விட்டோம்?" என்று கேட்டாள். குரலில் அப்படியொரு கலகலப்பு. வீட்டைப் பற்றி நாங்கள் பேசிய ஒரு நாளும் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.