கையை விட்டவள் மேல் கோபம்

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து மெழுகில் பல்வரிசை செதுக்குவது அவள் வேலை. அந்தப் பல்லை மாட்டிக்கொண்டு சிரிக்கிற ஒருவரையும் அவள் பார்த்ததில்லை. "நல்லதுதான், கடிக்க வரமாட்டாங்க" என்பாள். நாற்பது தாண்டியும் தனிக்கட்டை. ஏன் என்று கேட்டால் அதற்கும் ஒரு நக்கல் வைத்திருப்பாள்.

அவளுக்கு ஏழு வயதில் வீடு தீப்பிடித்தது. அம்மா அவள் கையைப் பிடித்து வாசல் வரை இழுத்து வந்தாள். உள்ளே தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். "இங்கயே நில்லு" என்று அம்மா அவள் கையை உதறிவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள். இருவருமே திரும்பவில்லை. வெளியூரில் வேலை பார்த்த அப்பா வந்து, அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்.

அங்கே சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் குறை இல்லை. தீயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. அவள் அழுதபோது, "அழுதா அம்மா வந்துடுவாளா?" என்று அத்தை கேட்டாள். வரமாட்டாள் என்று அவளுக்கும் தெரிந்தது. அழுகையை நிறுத்திக்கொண்டாள்.

ஒரு மத்தியானம், கூடத்தில் மெழுகு உருக்கும் விளக்கு சாய்ந்து மேசைத்துணி பற்றிக்கொண்டது. பக்கத்தில் பாலிஷ் போடுகிற பெண் பல்லக்காவின் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள். "நீ இங்கயே இரு, நான் போய் அணைச்சிட்டு வரேன்" என்று கையை விடப் போனாள். பல்லக்கா அவள் மணிக்கட்டை இறுக்கிக்கொண்டு அலறினாள். நகம் பதிந்து ரத்தம் வந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒரு வாளித் தண்ணீரில் தீயை அணைத்துவிட்டார்கள். இவள் பிடி மட்டும் தளரவில்லை.

அதற்குப் பிறகு செதுக்கும் கத்தியை எடுப்பதும் வைப்பதுமாகவே இருந்தாள்; ஒரு பல்வரிசையும் முடியவில்லை. முதலாளி ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார்.

முதலில் சில வாரங்கள், அம்மா போன தீயைப் பற்றி அடுத்த வீட்டுக் கதையைச் சொல்வதுபோல் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒருநாள் ஆலோசகர் இடைமறித்தார்.

"சிரிக்கிறீங்க. உடம்புல வேற எங்கயாவது ஏதாவது தெரியுதா?"

"தொண்டையில. முள்ளு மாட்டின மாதிரி."

"எதிர்ல இருக்கிற நாற்காலியில அம்மா உக்காந்திருக்காங்கன்னு வச்சுக்கோங்க. அந்த முள்ளு என்ன சொல்லும்?"

"டீ வேணுமான்னு கேக்கும்."

ஆலோசகர் சிரிக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. பல்லக்கா வெறும் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் என் கையை விட்ட? அவன் மட்டும்தான் உன் புள்ளையா?"

தன் குரலைக் கேட்டு அவளே அரண்டுபோனாள். "ஐயோ, செத்தவளைப் போய் இப்படி..."

"கோபம் வரத்தான் செய்யும். அந்த ஏழு வயசுப் பொண்ணு வாசல்ல தனியா நிக்கிறாளே, அவளுக்கு என்ன வேணும்?"

"யாராவது பக்கத்துல வந்து நின்னா போதும்."

சொல்லும்போதே உடைந்துபோனாள். ஆலோசகர் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். "நான் இங்கதான் இருக்கேன். அழுங்க." அன்று நேரம் முடியும்வரை அழுதாள்.

ஆலோசகரிடம் பல மாதம் போய்வந்த பிறகு அப்பாவைப் பார்க்கப் போனாள். அவர் இன்னொரு குடும்பத்தோடு வேறு ஊரில் இருந்தார்.

"அப்பா, ஏன் என்னை உங்ககூட வச்சுக்கல?"

அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "உன்னைப் பாத்தா அவ முகம்தான் தெரிஞ்சுது. என்னால முடியலம்மா."

"நான் உயிரோடதானே இருந்தேன்?"

அவள் தோளை நோக்கி நீண்ட அவர் கை பாதியில் நின்று மடிக்குத் திரும்பியது. அவள் பஸ் ஏறினாள். வழியெல்லாம் அழுதாள். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து, விளக்குகூடப் போடாமல் பாலிஷ்காரிக்குப் போன் போட்டாள். எடுத்ததும் வாய்வரை ஒரு நக்கல் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"கொஞ்ச நேரம் என்கூட வந்து இருக்கியா?"

"என்னக்கா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. தனியா இருக்க முடியல."

அவள் வந்தாள். கதவுக்கருகே செருப்பைக் கழற்றிவிட்டு, எதையும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்தாள். நேரமானதும், பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று எழுந்து போனாள். பல்லக்கா முகம் கழுவி, ஒருவருக்கு மட்டும் அரிசி களைந்து அடுப்பில் வைத்தாள்.