இறால் கொட்டகையில் ஒரு வெள்ளைக் கீற்று

கேமராவுக்குள் பல்லி முட்டையிடும் என்பது மெட்ராஸிலிருந்து வந்து அதைப் பொருத்தியவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அதன் தகரக்கூடு எப்போதும் கதகதப்பாக இருக்கும். ஐஸும் இறால் தண்ணீருமாக ஈரம் ஊறிக் கிடக்கிற கொட்டகையில் பல்லிக்கு அதைவிட நல்ல இடம் ஏது? மாதத்துக்கு ஒரு தடவை நான் ஏணி வைத்து ஏறி, கூட்டைத் திறந்து முட்டைகளைப் பொறுக்கிப் போடுவேன். ஒருநாள் பல்லியே கண்ணாடிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. அங்கே முதலாளி வீட்டு டிவியில் அது முதலை அளவுக்குத் தெரிந்திருக்கிறது. விருந்துக்கு வந்த ஒருவர் கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாராம்.

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. சுண்ணாம்புக்குளத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையோரம், இறால் தோல் உரிக்கிற கொட்டகை ஒன்று வந்தது. உரித்த இறால் கப்பலேறிப் போகிறது என்றார்கள். முதலாளி மெட்ராஸ்காரர். வாரத்தில் மூன்று நாள் இங்கே வந்து தங்குவார். கொட்டகைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். கொட்டகையில் நாற்பது பெண்கள் வரிசையாக முக்காலி போட்டு உட்கார்ந்து தலையைக் கிள்ளி, தோலை உரித்து, குடல் நரம்பை இழுத்துத் தட்டில் போடுவார்கள். அவர்களை மேய்க்க ஒரு சூப்பர்வைசர் அம்மா. நான் ஐஸ் உடைப்பேன், மோட்டார் போடுவேன், ஃப்யூஸ் போனால் கட்டுவேன். ஐந்தாவது வரை படித்தவன். அப்போதே எனக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஆனால் நான்கு பேர் சேர்ந்தாற்போல் பார்த்தால் வாய் ஒட்டிக்கொள்ளும்.

பெண்கள் இறாலை மடியில் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று முதலாளிக்குச் சந்தேகம். அதற்காகத்தான் கேமரா. கொட்டகையில் அதை உத்தரத்தில் மாட்டி, சவுக்குக் கம்புகள் நட்டு, கேபிளை இரண்டு தெரு தாண்டி அவர் வீட்டுக்கு இழுத்தார்கள். பராமரிப்பை யாரிடம் விடுவது என்ற பேச்சு வந்தபோது முதலாளி என்னைக் காட்டினார். "இவன்கிட்டயே குடுங்க. இவன் வாயைத் தெறக்க மாட்டான்."

பொருத்த வந்தவர் நல்ல மனிதர். பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். உப்புக்காற்று கண்ணாடியில் படியும், ஒருநாள் விட்டு ஒருநாள் பழைய வேட்டித் துணியால் துடைக்க வேண்டும். கேபிள் இணைப்பில் பச்சைக் களிம்பு ஏறினால் சுரண்டிக் கட்ட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

"வெயில மட்டும் காட்டிடாதப்பா. கரண்ட் இல்லன்னாலும் சரி. உள்ள கண்ணு மாரி ஒரு குழாய் கீது. சூரியன நேரா பாத்துச்சின்னா தழும்பு வுழுந்துடும். அப்பறம் நீ எதக் காட்டுனாலும் அந்தத் தழும்பும் கூடவே தெரியும்."

முதல் வாரம் ஊரே முதலாளி வீட்டு வாசலில் நின்றது. டிவி என்றால் படம் போடுவார்கள் என்றுதான் எல்லாருக்கும் நினைப்பு. கறுப்பு வெள்ளையில், சத்தமில்லாமல், நாற்பது பெண்கள் குனிந்து இறால் உரிப்பதை அரைமணி நேரம் பார்த்துவிட்டு ஒருவர் சொன்னார்: "இன்னாபா இது, என் பொண்டாட்டியவே காட்றான்! இத்தப் பாக்கவா வலைய வுட்டுட்டு வந்தேன்?" எல்லாரும் சிரித்துக்கொண்டே கலைந்து போனார்கள்.

கலையாதவர்கள் முதலாளியின் நண்பர்கள். சனி ஞாயிறுகளில் காரில் வருவார்கள். இறால் வறுவல் தட்டோடு டிவி முன்னால் உட்காருவார்கள். வேலை செய்கிற பெண்ணுக்கு முந்தானை எங்கே விலகும், குனிந்தால் என்ன தெரியும் என்று அவர்கள் பேசிய பேச்சை நான் எழுதப்போவதில்லை. படம் ஆடினால் பட்டனைத் திருகுவதற்காக என்னைச் சுவரோரம் நிற்க வைத்திருப்பார்கள். என் எதிரிலேயே பேசுவார்கள். அந்த வறுவல் வாசனையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாயில் எச்சில் புளிக்கிறது. நான் நின்றேன். பட்டனைத் திருகினேன். அதுவும் சேர்ந்துதான் புளிக்கிறது.

கொட்டகையில் எல்லாருக்கும் அக்காவாக ஒரு பெண் இருந்தாள். ஏரியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். ஐம்பதை ஒட்டிய வயது. எப்போதும் கறுப்பும் கரும்பச்சையுமாகத்தான் சேலை கட்டுவாள். மூன்றாவது வரிசையில் கடைசி முக்காலி அவளுடையது. நான் ஏணியில் ஏறினால் கீழேயிருந்து குரல் வரும்.

"தம்பி, பொட்டிக்கு மூஞ்சி கழுவுறியா? அப்பிடியே கொஞ்சம் பவுடர் போட்டு வுடு. நம்மளப் பாத்துப் பாத்து அதுக்கும் இறால் நாத்தம் அடிக்குமே!"

சில நாள் கேமராவை அண்ணாந்து பார்த்து, "இன்னா மொதலாளி, துன்னாச்சா?" என்று கேட்பாள். மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அவளைப் பார்த்துத்தான் நானும் ஒன்றிரண்டு வார்த்தை பேசப் பழகினேன்.

ஒரு காலையில் பல்லி முட்டைகள் அதிகம். ஏணியில் நின்றபடி எடுக்க முடியவில்லை. கேமராவையே கழற்றிக் கீழே கொண்டுவந்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். அந்த நேரம் ஐஸ் லாரி பொன்னேரியிலிருந்து வந்து நின்றது. ஓடினேன். கட்டிகளை இறக்கிவிட்டுத் திரும்பி வர அரைமணிக்கு மேலாகிவிட்டது. ஜன்னல் ஏரியைப் பார்த்த ஜன்னல். சூரியன் ஏரிக்கு மேலே ஒரு ஆள் உயரம் ஏறியிருந்தது. கேமரா அதை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

மாட்டிவிட்டு முதலாளி வீட்டுக்குப் போய் டிவியில் பார்த்தேன். பெண்கள் இன்னும் வந்து உட்காரவில்லை. படம் வந்தது. தட்டுகளின் பளபளப்பிலும் ஈரத் தரையின் வெளுப்பிலும் குறை எதுவும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நண்பர்கள் இரண்டு பேரோடு முதலாளி டிவி பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று முன்னால் குனிந்தார்.

"அவ மடியைப் பாருங்க. அந்தக் கடைசிக் கிழவி. வெள்ளையா வளைஞ்சு இருக்கு பாருங்க. இறால்!"

பார்த்தேன். அக்காவின் கறுப்புச் சேலை மடியில், உரித்த இறால் அளவில் ஒரு வெள்ளைக் கீற்று. அவள் கையை நீட்டினாள், மடக்கினாள், இருமினாள். கீற்று அசையவில்லை. ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. தட்டின் மேலும் தரையின் மேலும் மறைந்திருந்த தழும்பு, கறுப்பு கிடைத்ததும் வெளியே வந்துவிட்டது.

"சார்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மூன்று பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். குழாய் கெட்டது என் தப்பு என்று சொல்ல வேண்டும். வேலை போய்விடும்.

"என்னடா சார்? ஓடு. சூப்பர்வைசர் அம்மாகிட்ட சொல்லு. அவளைக் கேமரா முன்னாடி நிக்க வெச்சு மடியை உதறச் சொல்லு. உள்ளே கூட்டிட்டுப் போகக் கூடாது. நாங்க பாக்கணும்."

நான் ஓடினேன். சொன்னேன். சொல் மாறாமல் அப்படியே சொன்னேன்.

அவளை நடுவில் நிறுத்தினார்கள். மடியை உதறச் சொன்னார்கள். உதறினாள். முந்தானையை உதறச் சொன்னார்கள். உதறினாள். எதுவும் விழவில்லை. வாயைத் திறக்கச் சொன்னார்கள். அவள் என்னைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்து, கேமரா பக்கம் அண்ணாந்து காட்டினாள். உள்ளே வெற்றிலைக் காவி ஏறிய நாலு பல். நான் கேமராவுக்கு நேர் கீழே நின்றுகொண்டு தரையில் கிடந்த இறால் தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏரில குனிஞ்சா உசுரோட கைக்கு வருது" என்றாள் சூப்பர்வைசர் அம்மாவிடம். "மொதலாளி ஐஸ்ல செத்துக் கெடக்கிறத நான் இன்னாத்துக்கு மடில கட்டிக்கினு போவணும்?"

"எனக்குத் தெரியாதும்மா. பொட்டில தெரிஞ்சிதாம். நாளைலேர்ந்து வராத."

முதலாளி வீட்டுக்குத் திரும்பினேன். முழுங்கியிருப்பாள் என்று ஒருவர் சொல்ல, மற்றவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே அவளுக்கு மடிக்காரி என்று பெயர் வந்துவிட்டது. கொட்டகைப் பெண்களே வைத்தார்கள். பொட்டி பொய் சொல்லாது என்று அவர்களும் நம்பினார்கள். கடையில் அவள் நின்றால், "மடியப் பாத்துக்கோ அண்ணே" என்று ஒருத்தி கடைக்காரரிடம் சொன்னதை நானே கேட்டேன். அவள் யாருக்கும் பதில் சொல்லாமல் உப்பை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வார்த்தைக்குப் பத்து வார்த்தை திருப்பித் தருகிறவள்.

அந்த முக்காலியில் புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தியை உட்கார வைத்தார்கள். நாலைந்து நாள் மஞ்சளும் ரோஸுமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். ஆறாம் நாள் கருநீலம்.

"இன்னைக்கு இவளா!" என்றார் முதலாளி. அவர் முகத்தில் கோபம் இல்லை. சந்தோஷம் இருந்தது. காத்துக்கிடந்தது கிடைத்த மாதிரி நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஓடுடா. அதே மாதிரி சொல்லு."

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்தேன். "அது இறால் இல்ல சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "பொட்டிய மூடிக் காட்றேன், பாருங்க."

ஓடிப்போய் ஏணியில் ஏறி, கறுப்புத் துணியைக் கண்ணாடி மேல் இறுக்கிக் கட்டினேன். திரும்பி வந்தபோது டிவி முழுக்க இருட்டு. அந்த இருட்டில் வெள்ளைக் கீற்று மட்டும் தனியாக மின்னிக்கொண்டிருந்தது. நான் வெயிலில் வைத்ததைச் சொன்னேன்.

முதலாளி டிவியைத் தட்டிப் பார்த்தார். பிறகு கத்தினார். "அறிவு இருக்காடா உனக்கு? இந்தக் குழாய் மெட்ராஸ்லயே கெடைக்காது. சிங்கப்பூர்லேர்ந்து வரணும்!" வெகுநேரம் குழாயைப் பற்றியே பேசினார். நான் வாசல் வரை போன பிறகுதான் கூப்பிட்டு, "அந்தக் கிழவியை வேணும்னா வரச் சொல்லு. ஆள் குறையுது" என்றார்.

அவள் ஏரியில் இருந்தாள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் இறால் போடுகிற ஓலைப்பறியைப் பல்லால் கடித்துத் தொங்க விட்டிருந்தாள். மற்றவர்கள் தள்ளி ஒரு கூட்டமாகத் தடவிக்கொண்டிருந்தார்கள். இவள் தனி. நான் முழங்கால் தண்ணீரில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பறி வாயில் இருந்ததால் அவளால் குறுக்கே பேச முடியவில்லை. அதனால்தான் என்னால் முழுக்கச் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன்.

முடித்ததும் பறியை வாயிலிருந்து எடுத்தாள்.

"என்னை உதறச் சொன்ன அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்கா."

"தெரிஞ்சிக்கினேதான் வந்து சொன்னியா?"

"ம்."

த்தூ என்று தண்ணீரில் துப்பினாள். "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நானா எனக்கு மடிக்காரின்னு பேர் வெச்சிக்கினேன்? வெச்சவளுங்களாண்ட வந்து சொல்லு. வா."

"எல்லார் முன்னாடியுமா அக்கா?"

"பின்ன, என் வாய எல்லார் முன்னாடியும்தான தொறந்து காட்னேன்?"

ஈரச் சேலையோடு அவள் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். கொட்டகைக்குள் நுழைந்ததும் கைகள் எல்லாம் நின்றுவிட்டன. "அக்கா எடுக்கல" என்றேன். "பொட்டில தழும்பு வுழுந்துடுச்சி. அது என்னாலதான். எனக்கு அன்னிக்கே தெரியும்."

"பின்னாடி கேக்கல" என்றாள் அக்கா. "இன்னொரு வாட்டி சொல்லு."

சத்தமாக இன்னொரு தடவை சொன்னேன்.

கருநீலச் சேலைக்காரி எழுந்தாள். "அப்போ இன்னிக்கு என்னை உதறச் சொல்லியிருந்தாலும் நீயே வந்து சொல்லியிருப்ப, இல்ல?" என்று கேட்டாள். நான் இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் ஒரு கை நிறைய இறால் தலைகள் என் நெஞ்சில் வந்து விழுந்தன. யார் எறிந்தது என்று பார்க்கவில்லை. இரண்டாவது கை முகத்தில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை.

சூப்பர்வைசர் அம்மா, "சரி வா, வந்து உக்காரு, உன் எடம் அப்பிடியேதான் கீது" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

"நீ உக்காந்து நல்லா காட்டு" என்று சொல்லிவிட்டு அக்கா ஏரிக்குத் திரும்பிப் போனாள். அந்தக் கொட்டகைக்குள் அவள் மறுபடி கால் வைக்கவில்லை. மடிக்காரி என்று அவளை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒரு பெயர் வந்தது. அதை இங்கே எழுத மனமில்லை.

இரண்டு மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து புதுக் குழாய் வந்தது. பொருத்தியவர் மெட்ராஸுக்குத் திரும்பிய பிறகு, கொட்டகை மூடும் வரை, இன்னும் ஒன்றரை வருஷம் நான்தான் அந்தக் கண்ணாடியைத் துடைத்தேன். ஏணியில் ஏறும்போது கீழேயிருந்து யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வேறு பக்கம் திரும்புவார்கள். துடைத்துவிட்டு முதலாளி வீட்டுக்குப் போனால் அவர் தட்டிலிருந்து தலை தூக்காமல், "படம் எப்படி இருக்கு?" என்பார்.

"தெளிவா கீது சார்" என்பேன்.