எலிக்கூடத்தில் ஒரு கள்ள மாப்பிள்ளை

எலி மாமாவுக்கு வீட்டில் எலியைக் கண்டால் ஆகாது. ஆராய்ச்சிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வரிசை வரிசையாக இருக்கும் கூண்டுகளைப் பெற்ற பிள்ளைகள் போலப் பார்த்துக்கொள்ளும் அதே மனிதர், சமையலறையில் ஒரு வால் தெரிந்துவிட்டால் நாற்காலி மேல் ஏறி நின்றுவிடுவார். "ஊர்ப்பட்ட எலிக்குச் சோறு போடுறீங்க, இந்த ஒண்ணுக்கு இப்படி நடுங்குறீங்களே!" என்று மனைவி துடைப்பத்தோடு வந்து சிரிப்பாள். மாமாவுக்குச் சிரிப்பு வராது. "அது தெரு எலி. நோய் மூட்டை. என் எலிங்க வேற ரகம்" என்பார், நாற்காலியை விட்டு இறங்காமலே.

அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. அவருக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர் காலத்தில் தெரு எலி ஒன்று உள்ளே புகுந்து, கூடத்து எலிகளோடு கூடிக் குட்டியும் போட வைத்துவிட்டது. கூடம் முழுவதையும் அழித்துக் கழுவினார்கள். அந்த மனிதரையும் சேர்த்தே கழுவிவிட்டார்கள். துணிக்கடையில் மூட்டை தூக்கி இடுப்பு ஒடிந்துபோயிருந்த மாமாவுக்கு அப்படித்தான் இந்த வேலை கிடைத்தது. அதனால் கதவிடுக்கில் ரப்பர் பட்டை, சாக்கடை வாயில் கம்பி வலை, உள்ளே நுழையுமுன் ஒரு குளியல் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தார். "எலி மாமா கையில கலப்பே வராது" என்று மேலதிகாரி ஒருமுறை சொன்னதை இன்றைக்கும் விருந்தாளிகளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அப்படிப்பட்ட கூடத்துக்குத்தான் டாக்டரம்மா மஞ்சள் எலிகளைக் கொண்டு வந்தாள். எலிக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் அல்ல, ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய டாக்டர். வயதில் மாமாவின் மகளை விடக் கொஞ்சம் மூத்தவள். பெண் எலிகள் எல்லாம் கருப்பு, ஆண் எலிகள் எல்லாம் மஞ்சள். மஞ்சள் எலிகள் மாமனார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை போலக் கொழுத்து, அசையாமல் உட்கார்ந்து, குடம் குடமாகத் தண்ணீர் குடித்தன. சர்க்கரை வியாதி. "குட்டிங்க பாதி கருப்பு, பாதி மஞ்சள்" என்றாள். சில தாய்களுக்கு வெள்ளை மூடி டப்பாவிலிருந்து தீனி, சிலவற்றுக்குப் பச்சை மூடி டப்பாவிலிருந்து. எதில் என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை. தெரிந்தால் பார்ப்பவர் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். குட்டிகள் பால்குடி மறக்கும் வரை யாரும் கூண்டைக் கலைக்கக் கூடாது, பதறிப்போன தாய் குட்டியைத் தின்றுவிடும் என்பதால், எண்ணிக்கை எல்லாம் அதற்குப் பிறகுதான். அதுவரை கூண்டுக்குள் போகும் கை மாமாவின் கை மட்டும்.

பிறந்த குட்டிக்கு மயிர் இருக்காது. ஒரு வாரம் போனால்தான் நிறம் தெரியும். அப்படி ஒரு காலை, பச்சை மூடித் தீனி தின்ற தாயின் கூண்டைத் திறந்தவர் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார். கருப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில், சாதுவாகப் பழுப்பு நிறத்தில் ஒரு குட்டி. சமையலறையில் ஓடுமே, அதே பழுப்பு. அச்சு அசல் தெரு எலி.

மாமா கணக்குப் போட்டார். கருப்பு அம்மா, மஞ்சள் அப்பா, பிள்ளை மட்டும் பழுப்பு என்றால், அப்பன் வேறு யாரோ! எந்த ஓட்டை வழியாகவோ ஒரு கள்ள மாப்பிள்ளை உள்ளே வந்து போயிருக்கிறான். வெளியே தெரிந்தால் கூடத்தையும் கழுவுவார்கள், தன்னையும் கழுவுவார்கள். சுற்றும் முற்றும் பார்த்தார். பழுப்புக் குட்டியை வாலைப் பிடித்துத் தூக்கி, இடப்பக்கம் இருந்த காஸ் பெட்டியில் போட்டு மூடினார். நோய் வந்த எலியை வலியில்லாமல் முடிக்கிற பெட்டி அது. காதும் காதும் வைத்தாற்போல் காரியம் முடிந்தது.

அன்றிலிருந்து பிடித்தது சனி. மூலைக்கு மூலை பொறி வைத்தார். ஒன்றுகூட மாட்டவில்லை. பழுப்புக் குட்டிகளோ வந்துகொண்டே இருந்தன. வெள்ளை மூடிக் கூண்டுகளில் எப்போதாவது ஒன்று, பச்சை மூடிக் கூண்டுகளில் அடிக்கடி. பயலுக்குப் பச்சை மூடித் தீனியின் வாசனை பிடித்துப்போயிற்று போலிருக்கிறது என்று மாமா நினைத்துக்கொண்டார். மஞ்சளில் பழுப்புத் திட்டு விழுந்த குட்டிகளை மஞ்சள் அப்பன் சாயல் என்று விட்டுவிட்டார். முழுப் பழுப்பு எல்லாம் பெட்டிக்குப் போயின. ஒரு வருஷம் இப்படியே ஓடியது.

ஒரு மத்தியானம் டாக்டரம்மா கீழே வந்து தீனி மூட்டை மேல் பொத்தென்று உட்கார்ந்தாள். முகம் பேயறைந்தது போல இருந்தது.

"ஆராய்ச்சிய நிறுத்தப் போறேன் மாமா. பச்சை மூடித் தீனி சாப்பிட்ட அம்மாங்களுக்கு மட்டும் குட்டி குறையுது. வயித்துலயே அழிஞ்சு போகுது போல. நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடப் போறேன்."

"அதுல என்னம்மா இருக்கு? விஷமா?"

"விஷமா? ஃபோலிக் ஆசிட், பி-12, அந்த மாதிரி சத்துதான். கர்ப்பமா இருக்கிறவங்களுக்கு மாத்திரை குடுப்பாங்களே, அதுல இருக்கிறதுதான். கொஞ்சம் கூடுதலா."

மாமாவின் வீட்டில் மகள் வாயும் வயிறுமாக இருந்தாள். முதல் பிள்ளை தங்கவில்லை. இந்த முறை மாத்திரையை மறந்துவிடக் கூடாது என்று தினமும் காலையில் தண்ணீர் டம்ளரோடு அவள் முன்னால் நிற்பவர் அவர்தான். "முழுங்கு, முழுங்கின பிறகு வாயைத் திற, பார்க்கணும்" என்று அன்றைக்குக் காலையிலும் நின்றிருந்தார். என் கையாலேயே கொடுத்தேனே என்று ஒரு கணம் கூண்டு அடுக்கைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த கணம்தான் உறைத்தது. குட்டிகள் வயிற்றில் அழியவில்லை. நன்றாகப் பிறந்தன. அழித்தது தீனியல்ல, தன் கை.

சும்மா இருந்துவிடலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் நாளைக்கு இந்தப் பெண் கூட்டத்தில் எழுந்து சொல்லுவாள். அது நாலு பேர் வாய்க்குப் போகும். எங்கோ ஒரு வீட்டில் ஒரு பெண் மாத்திரையைத் தள்ளி வைப்பாள். வேலை போனாலும் இதை விழுங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குட்டிங்க குறையலம்மா. நான்தான் எடுத்தேன்" என்றார். "தெரு எலி ஒண்ணு பூந்துருச்சு. பழுப்பா குட்டி போட வெச்சிருச்சு. வேலை போயிடும்னு பயந்து, பழுப்பு எல்லாத்தையும்..." என்று காஸ் பெட்டியைக் காட்டினார்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. மெல்ல எழுந்து நின்றாள்.

"பழுப்பா?"

"ஆமாம்மா."

"முழுப் பழுப்பா? எத்தனை மாமா? ஐயோ, எத்தனை?"

அவர் எண்ணி வைக்கவில்லை. அவள் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரு எலியும் இல்ல, ஒண்ணும் இல்ல மாமா! அதுங்க எல்லாம் அந்த மஞ்சள் எலியோட பிள்ளைங்கதான். நம்ம உடம்புல ஜீன் இருக்கில்ல, அதுக்கு நடுவுல குதிச்சுக் குதிச்சு இடம் மாறுற துண்டுங்க இருக்கு. எலிக்கும் இருக்கு, மனுஷனுக்கும் இருக்கு. எங்கயாவது போய் ஒட்டிக்கிட்டு, பக்கத்துல இருக்கிற ஜீனை ஆட்டி வைக்கும். அதனால உடம்பு அது மேல மீத்தைல்னு ஒரு சின்னப் பூட்டைப் போட்டு அடக்கி வைக்கும். இந்த மஞ்சள் எலியில நிறத்தோட ஜீனுக்குப் பக்கத்துல அப்படி ஒண்ணு வந்து உக்காந்திருக்கு. பூட்டு விழலைன்னா அந்த ஜீன் உடம்பு பூரா ஓயாம வேலை செய்யும். மஞ்சளாயிடும், குண்டாயிடும், சர்க்கரை வரும். பூட்டு விழுந்துட்டா அதே குட்டி பழுப்பா, ஒல்லியா, நல்லா இருக்கும். ஜீன்ல ஒரு எழுத்துகூட மாறாது. அம்மா சாப்பாட்டுல அந்தப் பூட்டைச் செய்ய உதவுற ஃபோலிக் ஆசிட் சத்தைச் சேர்த்தா நிறைய பூட்டு விழுமான்னு பார்க்கத்தான் இத்தனையும். நான் ஒரு வருஷமா எதிர்பார்த்தது அந்தப் பழுப்பைத்தான்!"

மாமா ஆடிப்போனார். நோயாளியை எல்லாம் வளர்த்துவிட்டு, நல்லா இருந்ததை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கிக் கொன்றிருக்கிறார். கலப்பே வராத கை!

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் கடைசியில். குற்றம் சொல்ல அல்ல.

"சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். பிறகு அழுதாள். அழுது முடித்து, கோபம் வந்து, கதவை அறைந்துவிட்டு மேலே போனாள்.

கூட்டத்தில் அவள் உள்ளதைச் சொன்னாள். மேலதிகாரி மாமாவைக் கூப்பிட்டு விளாசித் தள்ளினார். வேலை போகவில்லை. கூண்டைத் திறக்கும் வேலையிலிருந்து எடுத்து, கழுவும் தொட்டிக்கு அனுப்பினார்கள். காஸ் பெட்டியை வேறு அறைக்கு மாற்றினார்கள். "பொறியில ஒரு எலியாவது மாட்டுச்சா?" என்று மனைவி கேட்டாள். இல்லை என்றார். "ஒண்ணுகூட மாட்டலைன்னா எலியே இல்லைன்னு தோணலையா?" என்றாள். சிரிக்காமல்தான் கேட்டாள். மறுநாளும் மகள் முன்னால் தண்ணீர் டம்ளரோடு நின்றார்.

எல்லாம் முதலிலிருந்து தொடங்கியது. புதுக் குட்டிகள் பால்குடி மறந்த காலையில், டாக்டரம்மா கழுவும் தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்து, "மாமா, கையைக் கழுவிட்டு வாங்க" என்றாள். பல நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. பச்சை மூடிக் கூண்டு திறந்திருந்தது. கருப்புக் குட்டிகளின் ஓரத்தில் ஒன்று, இரண்டு, அதோ இன்னொன்று, பழுப்பாகச் சுருண்டு கிடந்தன.

"எடுங்க. எடை பார்க்கணும்" என்றாள்.

அவர் ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கினார். கை தானாக இடப்பக்கம் போயிற்று. அங்கே பெட்டி இல்லை, சுவர்தான் இருந்தது. குட்டி அந்தரத்தில் கால்களை உதறியது. இருவரும் அந்தக் கையையே பார்த்தார்கள். மாமா இன்னொரு உள்ளங்கையைக் கீழே கொடுத்து, குட்டியை அதில் இறக்கிக்கொண்டார்.

"தராசு எந்தப் பக்கம்மா?" என்றார்.