அரை நிமிஷம் முன்னால் விழுந்த கோல்

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். அதற்கப்புறம் வாயிலிருந்து என்ன வரும் என்று எனக்கே தெரியாது. அப்படி வந்த ஒரு வார்த்தையால்தான், ஜென்மத்துக்கும் பிடிக்காத ஓர் ஆட்டக்காரனுக்கு நான் ஜாமீன் நின்றேன்.

ஜாமீன் என்றதும் போலீஸ் ஸ்டேஷனை நினைக்க வேண்டாம். இரும்புலியூரில் சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஒரு டீக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அங்கே கூடும் கூட்டத்துக்கு ஃபுட்பாலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. வருகிறவர் போகிறவர் பலர், நிரந்தரம் நாலு பேர். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கெமிஸ்ட்ரி வாத்தியார். அடுத்து என் நண்பன், ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன், இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். இந்த ஊரின் பழைய குடும்பம் அவனுடையது. அவன் அப்பா நெல் போட்ட இடத்தில்தான் எங்கள் காலனியே இருக்கிறது. மூன்றாவது, இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் ஓர் அக்கா. வாரத்துக்கான காய்கறிப் பையைப் பெஞ்சுக்குக் கீழே வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார். ஆரம்பித்தால் எங்களை முடித்துவிட்டுத்தான் பையை எடுப்பார். நாலாவது டீக்கடை அண்ணா. தகராறு வந்தால் தீர்ப்புச் சொல்வது அவர்தான்.

சீசனுக்கு முன்னால், நாங்கள் உயிரை விடும் எங்கள் சிட்டி டீம் புது ஆட்களை எடுக்கும். எடுத்த ஒவ்வொருவனுக்கும் எங்களில் ஒருவர் ஜாமீன் நிற்க வேண்டும், அதாவது 'இவன் தேறுவான், நான் பொறுப்பு' என்று எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டும். ஆள் தேறவில்லையென்றால் ஜாமீன்தாரர் எங்கள் பரம எதிரியான, மேற்கு மலைத் தொடருக்கு அந்தப் பக்கத்து டீமின் கிளிப்பச்சைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஒரு ஞாயிறு காலை முழுக்கக் கடை வாசலில் நிற்க வேண்டும். தேறிவிட்டால், அவனை அதிகம் திட்டியவர் அந்தச் சட்டையைப் போட வேண்டும். சட்டை பன் பாட்டிலுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கும். அண்ணா வருஷத்துக்கு ஒருமுறை துவைப்பார். ஒருமுறை ஒரு கோல்கீப்பருக்காக அக்கா அதைப் போட்டுக்கொண்டு நின்று, போகிற வருகிற எல்லாரோடும் செல்ஃபி எடுத்துக்கொண்டார். தண்டனையை இப்படி அனுபவித்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கே காது சூடாகிவிட்டது.

அந்த ஆடி மாதம் எங்கள் டீம் மூன்று பேரை எடுத்தது. லெஃப்ட் பேக் ஒருவன். அக்கா உடனே கையைத் தூக்கினார். "பையன் ஓடறான், திரும்பியும் வர்றான். நம்ம பழைய ஆள் போனா போனதுதான், தேடிப்போய் கூட்டிட்டு வரணும்." நடுக்களத்துக்கு ஓர் ஆப்பிரிக்கக்காரன், அவனுக்கு அண்ணாவே ஜாமீன். கிழக்கிந்தியாவின் காசு கொழுத்த டீம் கேட்டும் போகாமல் இங்கே வந்தானாம், அந்த மரியாதைக்காக. அக்கா சிரித்தார். "அவன் முட்டியோட ஸ்கேன் ரிப்போர்ட்டை அவங்க பாத்திருப்பாங்க அண்ணா, அதான் விட்டுட்டாங்க." அரை மணி நேரம் அந்த முட்டியைப் பற்றியே பேசினோம். அவன் முட்டியைப் பற்றி அவனைப் பெற்றவள்கூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள்.

மூன்றாவது பெயரை அக்கா போனிலிருந்து படித்தார். கிளிப்பச்சை டீமின் ஃபார்வர்டு. முப்பத்து நாலு வயசு. போன சீசனில் நம்ம கிரவுண்டிலேயே, கடைசி நிமிஷத்தில் நமக்குக் கோல் போட்டுவிட்டு, நம் கேலரிக்கு முன்னால் வந்து உதட்டில் விரல் வைத்துக் காட்டியவன். அந்த கேலரியில் நானும் நண்பனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வரும்போது டிரெயினில் தாம்பரம் வரை இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

"இந்தக் கெய்வனுக்கு எவன்டா ஜாமீன் நிப்பான்?" என்றான் நண்பன். "நம்ம மூஞ்சி முன்னாடி வெரல வெச்சினு நின்னானே, மறந்துட்ச்சா? இவன் கோல் போட்டா என் கை தட்டத் தொடாது. சொல்லிட்டேன்."

இந்தத் தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியூர் ஆட்டங்களை எல்லாரும் அவன் வீட்டு மாடியில்தான் பார்ப்போம். நம் டீம் கோல் போட்டால் அவன் தன் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடி, குழம்புக் கரண்டியால் அடிப்பான். வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. தாம்பாளம் அடிவாங்கி அடிவாங்கிக் கிண்ணம் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் பேட்டையில் நாய்களுக்குக்கூட ஸ்கோர் தெரியும். அப்பேர்ப்பட்ட தட்டைத் தொடமாட்டேன் என்றால் அது சத்தியத்துக்குச் சமம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஃபார்வர்டை எனக்கும் பிடிக்காது. ஆனால் 'எவன்டா நிப்பான்' என்று அவன் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டதில் எனக்குக் காது சூடாகிவிட்டது.

"நான் நிக்கறேன்" என்றேன். "கோல் போடத் தெரிஞ்சவன் எங்க போனாலும் போடுவான். நம்மகிட்ட அப்படி ஒருத்தன் இருக்கானா?"

"ஆமா, நீ நிப்ப. உனக்கு இன்னா தெரியும் ஊர்ப்பாசம்? எங்க நெலத்துல வந்து வூடு கட்டினவன்தானே நீ."

என் அப்பா லோன் போட்டு வாங்கிய ஒண்ணரை கிரவுண்ட் மனை அது. முப்பது வருஷமாக அவன் வந்து என் அம்மா கையால் சாப்பிட்ட வீடு. அதற்கு நான் திருப்பிச் சொன்னதை இப்போது எழுதவே கூசுகிறது. "நெலத்த வித்துத் தின்னவன் விசுவாசத்தப் பத்திப் பேசாத" என்றேன்.

அண்ணா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டார். அக்கா "டேய், ரெண்டு பேரும் வாய மூடுங்கடா" என்றார். அதற்குள் அவன் வண்டியைக் கிளப்பிவிட்டான். அன்றைக்கு நின்றதுதான் எங்கள் பேச்சு.

சீசன் தொடங்கியது. அவன் வீட்டு மாடிக்கு நான் போகவில்லை. டீக்கடைக்கு அவன் ஏழு மணிக்கு வந்தால் நான் எட்டரைக்குப் போனேன். அக்கா எங்கள் இரண்டு பேருக்காகவும் இரண்டு முறை டீ குடிக்க வேண்டியதாயிற்று. அதனால் அசிடிட்டி வந்ததென்று என்னைத்தான் திட்டினார்.

என் வீட்டு டிவியில் கேபிள் கிடையாது, இன்டர்நெட்டில்தான் படம் வரும். தனியாக உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. என் படம் அரை நிமிஷத்துக்கும் மேலே பின்தங்கி வருகிறது. நண்பன் வீட்டில் டிஷ், அவனுக்கு உடனுக்குடன். என் டிவியில் நம் ஆள் இன்னும் நடுக்களத்தில் பந்தை உருட்டிக்கொண்டிருப்பான். பின் தெருவிலிருந்து டங் டங் டங்கென்று தாம்பாளம் கேட்கும். எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் அவன் பால்கனிக்கும் நடுவில் ஒரு தென்னை மரமும் ஒரு வாட்டர் டேங்க்கும்தான். சத்தம் கேட்டதும் என் மனைவி சமையலறையிலிருந்து ஈரக்கையோடு வந்து நிற்பாள்.

"உங்க ஃப்ரெண்டு கோல் போட்டுட்டாரு. நகருங்க, நான் பாக்கணும்."

கல்யாணமாகி இருபது வருஷத்தில் ஃபுட்பாலைத் திரும்பியும் பார்க்காதவள் இப்படி ரசிகையானாள். முடிவு தெரிந்து பார்ப்பதுதான் நிம்மதி என்பாள். எனக்கோ வயிறு எரியும். ஆனாலும் அந்தச் சத்தம் வராத வாரம் வீடு என்னவோ போலிருக்கும். தோற்றதால் மட்டும் அப்படி இல்லை. சத்தம் வந்தால் அவன் இருக்கிறான் என்று அர்த்தம், அவ்வளவுதான். அவனை நான் அவ்வளவு தேடினேன்.

என் ஃபார்வர்டு கோலே போடவில்லை. போஸ்ட்டில் அடித்தான். கோல்கீப்பர் கையில் அடித்தான். ஒருமுறை ஆளே இல்லாத கோலுக்கு மேலே, பக்கத்து ரோட்டுக்கு அடித்தான். ஆனால் ஓடினான். அந்த வயசில் அப்படி ஓடி, டிஃபென்ஸுக்கு இறங்கி வந்து, அடுத்தவனுக்குப் பந்து எடுத்துக் கொடுத்தான். வாய்க்கொழுப்பில் ஜாமீன் நின்ற எனக்கு மார்கழி வாக்கில் அவன்மேல் நிஜமாகவே பாசம் வந்துவிட்டது. பாவம், அவனும் ஒரு வார்த்தைக்காக மாட்டிக்கொண்டவன் மாதிரிதான் ஆடினான். அண்ணா கிளிப்பச்சைச் சட்டையை இறக்கித் துவைத்துக் காயப்போட்டார். "சார், உங்க சைஸுக்குக் கொஞ்சம் டைட்டாதான் இருக்கும்" என்றார்.

எங்கள் கடைசி ஆட்டம் கிளிப்பச்சை டீமோடு, அவர்கள் ஊரில். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு. அதில் ஒரு கோலாவது போட்டால் ஆள் தேறினான், இல்லாவிட்டால் சட்டை எனக்கு என்று அண்ணா தீர்ப்புச் சொல்லிவிட்டார். சட்டை போட்டுக்கொண்டு நிற்பதில் எனக்குப் பயமில்லை. அந்த ஞாயிறு நண்பன் வந்து பார்த்துச் சிரித்தால்கூடத் தேவலை. வராமல் இருந்துவிடுவானோ என்பதுதான் என் பயம். அப்படி ஆகிவிட்டால் அடுத்த சீசனிலும் பேச்சு இருக்காது, அதற்கடுத்ததிலும் இருக்காது. இரண்டு பேரும் சர்வீஸ் ரோட்டில் தலையைத் திருப்பிக்கொண்டு கிழவர்களாவோம்.

ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப் பத்து நிமிஷம்கூட இல்லை. பெனால்ட்டி ஏரியாவுக்குள் அந்த லெஃப்ட் பேக் பையனைத் தள்ளிவிட்டார்கள். விசில். பந்தைக் கையில் எடுத்தது என் ஆள். அவனுடைய பழைய ஊர், பழைய கேலரி, ஜனம் மொத்தமும் அவனைப் பார்த்து ஊளையிடுகிறது. அவன் குனிந்து புள்ளியில் பந்தை வைத்தான், சரியில்லை என்று திரும்ப எடுத்தான், மறுபடி வைத்தான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் பார்ப்பது பழங்கதை. பின் தெருவில் இந்தப் பந்து இந்நேரம் போயாகிவிட்டது. ஒன்று கோல், இல்லை கோல் இல்லை. ஆனால் தட்டு கேட்காவிட்டால் எது என்று எனக்கு எப்படித் தெரியும்? இவன் தவறவிட்டாலும் சத்தம் வராது, போட்டாலும் சத்தம் வராது. தொடமாட்டேன் என்று சொன்னவன் சொன்னதுதான். அவனை எனக்குத் தெரியும். என் மனைவி கதவருகே நின்று கொல்லைப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தென்னை ஓலை அசைகிற சத்தம்தான் கேட்டது.

டங்.

ஒன்றுதான். யோசித்து அடித்த மாதிரி. அப்புறம் மடை திறந்தாற்போல, டங் டங் டங் டங் என்று நிறுத்தாமல், கரண்டி உடைகிற மாதிரி.

நான் எழுந்துவிட்டேன். "எங்க போறீங்க, இன்னும் அவன் அடிக்கவே இல்லையே!" என்று என் மனைவி கத்தினாள். டிவியில் அவன் இன்னும் பந்துக்குப் பின்னால் இடுப்பில் கை வைத்து நின்றான். ஒரு காலில் என் செருப்பு, இன்னொரு காலில் அவள் செருப்பு. கேட்டைத் திறந்து, முனை திரும்பி ஓடினேன். ஐம்பதை நெருங்கும் கெமிஸ்ட்ரி வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் அப்படி ஓடியதை என் மாணவர்கள் யாரும் பார்க்காமலா இருந்திருப்பார்கள்? பார்த்தால் பார்க்கட்டும்.

பால்கனியில் நின்றுகொண்டிருந்தான். கையில் தாம்பாளம், முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் கரண்டி பாதியில் நின்றது. எனக்கு மூச்சு வாங்கியது. கண்ணில் தண்ணீர் வேறு.

"மச்சான்" என்றேன். "தட்டத் தொடமாட்டேன்னியே?"

"இன்னா பண்ண சொல்ற? கை பாட்டுக்குப் போயிட்ச்சு" என்றான். கொஞ்சம் நிறுத்தி, "நீ அங்க ஒண்டியா குந்திகினு இருப்பியே, உனக்கு எப்டித் தெரியும்னு தோணிச்சு" என்றான்.

"அன்னிக்கு நான் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"நானும்தான் சொன்னேன். உடு."

அந்த நேரம் பார்த்துத் தென்னை மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. தாம்பாளம் இல்லை, ஏதோ தோசைக்கல். தாளமே இல்லாமல், முதல் முறை அடிக்கிற கை என்று கேட்டாலே தெரியும்படி, டக் டக் டங்கென்று. எங்கள் டிவியில் அவன் இப்போதுதான் அடித்திருக்கிறான்.

நண்பன் கழுத்தை நீட்டிப் பார்த்தான். அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "நம்ம நெலத்துலேர்ந்துதான்டா வருது!" என்று கத்திவிட்டு, பதிலுக்குத் தாம்பாளத்தை ஓங்கி அடித்தான். அவன் அடிக்க, என் மனைவி அடிக்க, எந்த வீட்டில் எந்தக் கோல் என்று தெரியாமல் நாய்கள் குழம்பிப்போய்க் குரைத்தன. உள்ளேயிருந்து அக்கா பால்கனிக்கு வந்தார். "அந்தக் கிளிப்பச்சை உனக்குத்தான்டா! வர்ற ஞாயிறு!" என்று அவன் முதுகில் ஒன்று போட்டார்.

மேலே போனேன். என் நாற்காலி அதே இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் காய்ந்த துணி ஒரு குவியல். அவன் அதை வாரிக் கீழே போட்டுவிட்டு, "குந்து மச்சான், இன்னும் ஏழு நிமிஷம் கீது" என்றான்.