ஹன்னாவுக்குத் தமிழ் தெரியாது என்று சாட்சி சொன்ன மலை

கொல்லிமலைக்கு நான் அருவி பார்க்கப் போகவில்லை. எத்தனை படி இறங்க வேண்டும், செருப்பு தாங்குமா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு பெண்ணுக்குத் தமிழ் தெரியுமா என்று பரீட்சை வைக்கப் போனேன்.

சேலத்தில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டுக்காரர்களுக்குக் கம்ப்யூட்டர் வழியாகத் தமிழ் சொல்லித் தருகிறேன். அந்த வகையில் வந்த வேலை இது. ஹன்னா ஐரோப்பாவில் ஆய்வு மாணவி. வேற்று நாட்டு வட்டாரங்களைப் படிக்கவும் அந்த ஊர் மொழியைக் கற்கவும் அவள் நாட்டு அரசு உதவித்தொகை தருகிறது. கொல்லிமலையில் பெரக்கரை நாடு என்ற பகுதியில் ஒரு விவசாயி வீட்டில் பத்து மாதமாகத் தங்கி, சாமை, தினை விதைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டாம் ஆண்டும் தொகை வேண்டுமென்றால் மொழி போதுமான அளவு வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் இரண்டு மாதத்தில் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். காசு கொடுத்துத் தன் பிள்ளையைக் கொல்லிமலைத் தமிழ் கற்க அனுப்பும் அரசாங்கத்தை என்னால் இன்னும் புரிந்துகொள்ள முடியவில்லை. தமிழ் எம்.ஏ. சேர்கிறேன் என்றதற்கு என் அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

காலை 5.40க்குச் சேலத்தில் பஸ். நாமக்கல்லில் இட்லி. 7.30க்கு அங்கிருந்து கொல்லிமலை பஸ், டிக்கெட் 52 ரூபாய். சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளியில் மலை ஏற ஆரம்பித்தால் எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் இருபத்திரண்டு வரை எண்ணினேன். அதற்குப் பிறகு இட்லியை உள்ளேயே வைத்திருப்பதில்தான் கவனமெல்லாம். 9.50க்குச் செம்மேடு.

அங்கிருந்து எட்டு கிலோமீட்டர் ஆட்டோ, 300 ரூபாய். போகும் காரணத்தைச் சொன்னதும் டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“அந்த வெள்ளைக்காரப் புள்ளைக்கா? பாவமுங்க. அதுக்குத் தமிழே வராதுங்க.”

வழியில் டீக்கடையில் நிறுத்தினோம். கடைக்காரரும் நான் கேட்காமலே சொன்னார்: “ஒரு வார்த்தை தெரியாதுங்க. இன்னும் ஒரு வருசமாச்சும் ஆகுமுங்க.” இதைச் சொல்லவா இத்தனை வளைவு ஏறி வந்தேன்?

ஹன்னா ரோட்டிலேயே நின்றிருந்தாள். என்னைக் கும்பிட்டுவிட்டு நேராக டிரைவரிடம் போனாள்.

“ஏனுங்கண்ணா, டீச்சர்கிட்ட முந்நூறா வாங்குனீங்க? நேத்து எனக்கு நூத்தம்பதுக்குத்தான வந்தீங்க?”

அவர் தலையைச் சொறிந்துகொண்டே நூறு ரூபாயைத் திருப்பித் தந்தார். தந்துவிட்டு என்னிடம், “பாத்தீங்களா, ஒண்ணுமே தெரியாதுங்க இதுக்கு” என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை.

பரீட்சை இரண்டு பகுதி. முதலில் நானும் அவளும் இருபது நிமிடம் பேச வேண்டும். நாற்பது நிமிடம் ஓடியது. இவளுக்கு எதற்குப் பரீட்சை என்று எனக்குக் கோபமே வந்தது. இரண்டாவது, தங்கியிருக்கும் வீட்டார் அவள் மொழியைப் பற்றித் தங்கள் வாயால் சொல்ல வேண்டும். அதை ஒரே பதிவாக, வெட்டாமல் ஒட்டாமல் அனுப்ப வேண்டும். அவள் பக்கத்தில் இருக்கக் கூடாது. நான் சொல்லிக் கொடுக்கக் கூடாது. வீட்டார் சொல்வதும் நான் போடும் மதிப்பெண்ணும் முரண்பட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. விதிமுறையில் அப்படித்தான் இருந்தது.

வீட்டுக்காரி பாப்பாத்திக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். ஹன்னாவை மரவள்ளிக் கிழங்கு பிடுங்க அனுப்பிவிட்டு, செல்போனில் பதிவை ஓடவிட்டு மிளகு மூட்டையின் மேல் வைத்தேன்.

“ஹன்னா தமிழ் எப்படிப் பேசுகிறாள்?”

“தமிழா? தெரியாதுங்க.”

“கொஞ்சமாவது?”

“சுத்தமாத் தெரியாதுங்க. ஊமைதான் போங்க.”

“நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்வீர்கள்?”

“பேசிக்கவே மாட்டமுங்க.”

அரை மணி நேரத்துக்கு முன்தான், உலையில் அரிசி போட்டது யார் என்று இரண்டு பேரும் என் கண் முன்னே வாய்ச்சண்டை போட்டிருந்தார்கள். அவளை இந்தம்மாவுக்குப் பிடிக்கவில்லையா? அனுப்பிவிடப் பார்க்கிறார்களா? விதியாவது ஒன்றாவது என்று கேட்டே விட்டேன்.

“ஏங்க இப்படிச் சொல்கிறீர்கள்? அவள் இங்கே இருப்பது உங்களுக்குப் பிடிக்கவில்லையா?”

பாப்பாத்தி பதறிவிட்டார். “ஐயோ, இருக்கோணும்னுதானுங்க சொல்றேன்! கவருமெண்டுகிட்ட இருக்குதுன்னு சொன்னா குடுப்பாங்களா? எங்களுக்கு ஊடு கட்டப் பணம் தர வந்தப்ப, எங்கூட்டுக்காரரு வண்டி இருக்குதுன்னு உண்மையச் சொல்லிப்புட்டாரு. கெடைக்கலீங்க. பக்கத்தூட்டுல ஒண்ணுமே இல்லைன்னாங்க, கெடைச்சுது. தமிழ் கத்துக்கத்தான காசு தாராங்க? கத்துக்கிச்சுன்னு சொன்னா நிறுத்திருவாங்கல்ல? அதான் ஊரே பேசி வெச்சமுங்க.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இது தெரிந்தவர்களுக்குத்தான் கிடைக்கும், தெரியாவிட்டால் கிடைக்காது என்று விளக்கினேன்.

“இருக்கறவங்களுக்கே குடுக்கறதா? அது என்ன கவருமெண்டுங்க?”

இனி அவரை மாற்றிச் சொல்ல வைத்தால் அது நான் சொல்லிக் கொடுத்தது. விட்டால் ஹன்னா ஊருக்குப் போகிறாள். இந்தப் பெண்ணின் பத்து மாத உழைப்பை என் வாயாலேயே கெடுத்துவிட்டேனோ? கொல்லைப்புறம் போய் முகம் கழுவினேன். திரும்பி வந்தபோது பாப்பாத்தி அடுப்படியில் இருந்தார். அதுவரை ஓடிக்கொண்டிருந்த பதிவை நிறுத்தினேன். கிழங்கோடு வந்த ஹன்னா, “அக்கா நல்லபடியாச் சொன்னாங்களா டீச்சர்?” என்று கேட்டாள். பேசினார்கள் என்று மட்டும் சொன்னேன்.

இதே வேலைக்கு யாராவது மலை ஏறப் போகிறீர்களா? பேட்டி எடுக்கும் முன்பே, தருகிற உதவி யாருக்கு, எதற்கு என்று ஊரில் சொல்லிவிடுங்கள். விதி தடுக்கிறது என்றால் விதி எழுதினவர்களோடு முதலில் சண்டை போடுங்கள். காலையில் இட்லி மூன்றுக்கு மேல் வேண்டாம். ஆட்டோவுக்கு 200 போதும். செம்மேட்டிலிருந்து நான் பிடித்தது 3.15 பஸ், ஜன்னல் ஓரம் வேண்டுமானால் இருபது நிமிடம் முன்னால் போங்கள். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம்.

மனசு கேட்கவில்லை. சேந்தமங்கலத்திலேயே இறங்கி, டீ சொல்லிவிட்டு, பதிவை முதலிலிருந்து கேட்டேன். ஊமை, பேசிக்கவே மாட்டோம், பதற்றம், என் விளக்கம் எல்லாம் இருந்தது. நான் எழுந்து போகும் காலடிச் சத்தம். பிறகு வெறும் கோழிச் சத்தம். நிறுத்தப் போனேன். அப்போது மூட்டை சரசரத்தது. யாரோ போனுக்கு வெகு அருகில் குனிந்து மூச்சு விடுவது கேட்டது. அந்தப் பதிவை அப்படியே, வெட்டாமல், அங்கிருந்தே அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. அதன் கடைசியில் இருப்பது இதுதான்:

“ஏனுங்க, அந்தூரு கவருமெண்டுங்களா? நான் பாப்பாத்தி பேசறனுங்க. டீச்சர் மொகங் கழுவப் போயிருக்காங்க. முன்னால சொன்னது பொய்யுங்க. அந்தப் புள்ளைக்கு எல்லாந் தெரியுமுங்க, என்னையவே எதுத்துப் பேசுமுங்க. தெரிஞ்சுபோச்சுன்னு கூப்பிட்டுக்காதீங்க. ரெண்டு பேருமாச் சேந்து சாமை வெதைச்சிருக்கறமுங்க. நான் ஒருத்தியா அறுக்க மாட்டனுங்க.”