முடுக்குக்குள் நுழைந்த கேமரா

சென்னையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். பெட்டிகள் பதினான்கு. தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுத்தவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க வராது. சமூகத் திரைப்படத் திட்டம் என்றார்கள். எங்கள் ஊர் முஸ்லிம் பெண்பிள்ளைகள் கால்பந்து ஆடுவதை அந்தப் பிள்ளைகளே படமெடுக்க வேண்டுமாம், இவர்கள் கற்றுக்கொடுப்பார்களாம். முன்னறையில் உட்கார்ந்து இதை விளக்கிய இயக்குநர் ஒரு மணி நேரத்தில் 'குரல்' என்ற சொல்லைப் பத்தொன்பது தடவை சொன்னார். பிள்ளைகளில் ஒருத்தியையும் வாய் திறக்க விடவில்லை.

நாங்கள் இருப்பது என் மனைவியின் வீடு. எங்கள் ஊரில் கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். நான் போய் முப்பத்தாறு வருடம். வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு, அதைச் சுற்றி ஏழடிச் சுவர். அங்கேதான் சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு ஒன்பது பிள்ளைகள் பந்து உதைத்தார்கள். கோல் காப்பவள் என் கடைசி மகள்.

வீடுகளின் பின்புறத்தை ஒட்டி மூன்றடி அகலத்தில் ஒரு முடுக்கு ஓடுகிறது. அது பெண்கள் நடக்கும் வழி. ஆண்கள் குறுக்கே கடக்க வேண்டி வந்தால் முனையில் நின்று கனைப்போம். உள்ளே இருப்பவர்கள் விலகிய பிறகுதான் காலெடுத்து வைப்போம். பிள்ளைகள் அந்த முடுக்கு வழியே தோப்புக்கு வந்து அதன் வழியே திரும்பிப் போவார்கள். முடுக்கிலும் தோப்பிலும் அந்நிய ஆண் கண் படாது என்ற நம்பிக்கையில்தான் தாய்மார் விட்டிருந்தார்கள். அந்த நம்பிக்கை போனால் ஆட்டமும் போச்சு.

இதை இயக்குநரிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் தன் நோட்டில் 'இருண்ட சந்து' என்று எழுதிக்கொண்டார். பிள்ளைகள் இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு ஓடிவந்து, கடலைக் கண்டு கைகளை விரிக்க வேண்டுமாம். சாயங்காலம் நாலரைக்கு முடுக்கில் பளீரென்று வெயில் அடிக்கும். கடலை இந்தப் பிள்ளைகள் பிறந்த நாளிலிருந்து பார்க்கிறார்கள். இரண்டும் அவருக்கு உதவாத தகவல்கள்.

முதல் இரண்டு நாள் பிள்ளைகளே தோப்புக்குள் படமெடுத்தார்கள். மூன்றாம் நாள் நாலரைக்கு இயக்குநர் கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கனைக்காமல், நேரே முடுக்குக்குள் நடந்துவிட்டார். அங்கே மூன்று பெண்கள். ஒருத்தி குளித்த ஈரத்தலையோடு நின்றாள், இரண்டு பேர் பேன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழு கதவுகள் படபடவென்று சாத்தும் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து:

"ஏலே, எவம்லே அது? ஒன் வீட்டுப் பொம்பளைய இப்பிடித்தான் படம் புடிப்பியா?"

"அக்கா, நான் டைரக்டர்..."

"நீ கலெக்டராவே இரு! கனைச்சிட்டு வாலே!"

மறுநாள் தோப்பில் என் மகள் மட்டும் இருந்தாள். பந்தை மடியில் வைத்துக்கொண்டு, "இனி ஒருத்தியையும் விட மாட்டாங்க வாப்பா" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? பிள்ளைகளை ஏன் ஆட விட வேண்டும் என்று ஏழு காரணங்களோடு மூன்று பக்கக் கடிதம் எழுதி, மற்ற எட்டு வீட்டு ஆண்களிடமும் கொடுக்கக் கிளம்பினேன். மனைவி வாசலில் மறித்தாள்.

"யாருக்கு எழுதுதிய, ஆம்பிளையளுக்கா? அவுங்களும் ஒங்கள மாதிரி வந்து குடியிருக்கவுங்கதான. பிள்ளைய விடுறதும் நிறுத்துறதும் அவுங்க கையிலயா இருக்கு?"

கடிதம் அடுப்படிக்குப் போனது. சட்டி இறக்கிவைக்கப் பயன்பட்டது என்று பிறகு தெரிந்தது.

மகள் நேரே இயக்குநரிடம் போனாள். "எடுத்ததெல்லாம் எங்க கிட்டக் குடுங்க. தாய்மார் பாத்துச் சொல்லட்டும்."

"இது நம்ம எல்லாரோட படம் இல்லியாம்மா?"

"எங்க படம்னுதான மொத நாளே சொன்னிய?"

அவர் கொடுத்துவிட்டார். தாயும் மகளும் முடுக்கு வழியே எட்டு வீடுகளுக்கும் போனார்கள். தாய்மார் எங்கள் வீட்டு உள்ளறையில் வந்து படத்தைப் பார்ப்பது, வேண்டாம் என்பதைக் கண்முன்னே அழிப்பது, அதன் பிறகு பிள்ளைகளை விடலாமா என்று முடிவு சொல்வது என்று பேச்சு. ஆண்கள் யாருக்கும் உள்ளே இடமில்லை.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத் தொழுகை முடிந்து நானும் இயக்குநரும் தெருவாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஆறு தடவை சிரிப்பு வெடித்தது.

"எதுக்கு சார் சிரிக்கிறாங்க?"

"தெரியாது."

"சிரிக்கிற மாதிரி சீனே இல்லியே சார்."

அவர் குரலில் நிஜமான துக்கம்.

ஒரு வழியாக மனைவி வெளியே வந்தாள். "முடுக்குல எடுத்தத அழிச்சாச்சு. நாளைலருந்து பிள்ளையள விடுதாங்க."

"படம்?" என்றார் இயக்குநர்.

"நல்லாருக்கு தம்பி. ரெண்டு மட்டம் பாத்தோம். ஆனா வெளிய போகாது."

"அப்போ யாருக்காக அந்தப் படம்?"

"பாத்தவுங்களுக்கு."

வீட்டுக்காரர் ஏதாவது சொல்வார் என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். பாவம், இவ்வளவு நாள் இங்கே இருந்தும் ஒன்றும் புரிந்துகொள்ளவில்லை.

அந்தப் படத்தை நான் இன்றுவரை பார்க்கவில்லை. அவர்கள் ஆடுவதையும் பார்த்ததில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, பந்து சுவரில் மோதுவதை எண்ணுகிறேன். நேற்று முப்பத்தேழு. சுவரில் பட்டால் நீ விட்டுவிட்டாய் என்றுதானே அர்த்தம் என்று மகளிடம் கேட்டேன்.

"அதெல்லாம் வெளிய அடிச்சது வாப்பா. கோலு ரெண்டுதான்" என்றாள்.

முப்பத்தைந்து பந்து வெளியே போகிற ஆட்டத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.